"உண்மையைத்தானே எழுதினேன், ஏன் நீக்கினீர்கள்?"

நான் விக்கிப்பீடியாவில் நிர்வாகி. போன வாரம் ஒரு நாள் இரவு, நான் கண்காணிக்கும் கட்டுரைகளின் மாற்றங்களைக் காட்டும் கவனிப்புப் பட்டியலைத் திறந்தேன். ஓர் அரசியல்வாதியைப் பற்றிய விக்கிப்பீடியா கட்டுரை இரண்டு மணி நேரத்தில் 41 முறை மாற்றப்பட்டிருந்தது. சண்டை முழுவதும் முதல் வரியில் வரும் ஒரு சொல்லுக்காக. ஒருவர் ‘ஊழல்வாதி’ என்று சேர்க்கிறார். இன்னொருவர் அதைத் தூக்கிவிட்டு ‘மக்கள் தலைவர்’ என்று போடுகிறார். மாற்றங்கள் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தில் எங்கே பார்த்தாலும் இந்த இரண்டு சொற்கள்தான். கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கென்றே இருக்கும் பேச்சுப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தேன், காலியாகக் கிடந்தது. இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியவர்கள் ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

அவர்கள் மேலும் மாற்ற முடியாதபடி பக்கத்துக்குக் காப்புப் போட்டேன், இருவரையும் ஒரு நாள் தடை செய்தேன். இரண்டு பேருமே புதியவர்கள் அல்ல. அதில் ஒருவர் பறவைகளைப் பற்றி வரிசையாக நல்ல கட்டுரைகள் எழுதி வந்தவர். தடை போடும்போது மனது கேட்கவில்லை. மறுநாள் இருவரும், பயனர்கள் எனக்கு எழுதும் என் பேச்சுப் பக்கத்துக்கு வந்து கேட்டது ஒரே கேள்வி: "நான் உண்மையைத்தானே எழுதினேன், ஏன் நீக்கினீர்கள்?"

நிர்வாகியாக இருக்கும் இத்தனை ஆண்டுகளில் இந்தக் கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. இருவரிடமும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

‘ஊழல்வாதி’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் என்ன இருக்கிறது? ஒருவர் மீது புகார் எழுந்தது என்பது ஒரு செய்தி. விசாரணை தொடங்கியது, குற்றப்பத்திரிகை தாக்கலானது, நீதிமன்றம் தண்டித்தது, மேல்முறையீட்டில் விடுதலையானார் என்று ஒவ்வொன்றும் தனித்தனிச் செய்தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி உண்டு, ஒரு சான்று உண்டு. புகார் மட்டும் எழுந்தவரையும் தண்டனை உறுதியானவரையும் ‘ஊழல்வாதி’ என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் படிக்க வருபவருக்கு என்ன தெரியும்? எழுதியவருக்கு அவர் மேல் கோபம் என்பது மட்டும் தெரியும். ‘மக்கள் தலைவர்’ என்பதும் அப்படித்தான். எத்தனை தேர்தல்களில் நின்றார், எத்தனையில் வென்றார், எவ்வளவு வாக்கு வித்தியாசம், பதவியில் இருந்தபோது கொண்டுவந்த சட்டங்கள் எவை? இதையெல்லாம் சான்றோடு எழுதினால் அவர் மக்கள் தலைவரா இல்லையா என்று படிப்பவர் தாமே முடிவு செய்துகொள்வார். பட்டத்தை நீங்கள் கட்டிவிட வேண்டியதில்லை.

அதனால் "எது உண்மை?" என்று என்னிடம் கேட்காதீர்கள். "எந்த வாக்கியம்? அதற்கு எந்தச் சான்று?" என்று கேளுங்கள். கலைக்களஞ்சியத்தில் உங்களுக்குத் தெரிந்த உண்மை போதாது. நம்பத்தக்க ஒரு வெளியீட்டில் வந்திருக்க வேண்டும், படிப்பவர் அதைத் தேடிப்போய்ச் சரிபார்க்க முடிய வேண்டும். நீங்கள் அந்தக் கூட்டத்தில் நேரில் இருந்திருக்கலாம், கண்ணால் பார்த்திருக்கலாம். அதை நான் நம்புகிறேன். ஆனாலும் அது கட்டுரைக்குச் சான்றாகாது. கருத்து என்றால் யாருடைய கருத்து என்று பெயரோடு எழுத வேண்டும். ‘பலரும் கருதுகிறார்கள்’ என்று தொடங்கும் வரியைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. எந்தப் பலர்?

இதற்கு அடுத்தபடி என்னைச் சோர்வடையச் செய்வது, நடுநிலை என்றால் பாதிக்குப் பாதி என்ற எண்ணம். இவரைப் பற்றி நான்கு வரி புகழ்ச்சி இருந்தால் நான்கு வரி வசவும் வேண்டும் என்று அளவுகோலோடு வருகிறார்கள். நடுநிலை அப்படி அளந்து வைப்பது அல்ல. நம்பத்தக்க சான்றுகள் ஒரு கருத்துக்கு எவ்வளவு இடம் தருகின்றனவோ, கட்டுரையும் ஏறக்குறைய அவ்வளவே தர வேண்டும். தேர்தலில் தோற்ற ஒருவர் ஆதாரம் காட்டாமல் முடிவை மறுத்தால், அவர் மறுத்தார் என்று ஒரு வரி வரலாம். முடிவுக்குச் சமமாக அதை நிறுத்தி வைத்தால் படிப்பவரை ஏமாற்றுகிறோம்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது இரண்டு மடங்கு கவனம் வேண்டும். 2005ஆம் ஆண்டு மே மாதம் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரின் ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரையில் யாரோ ஒருவர், அமெரிக்க அதிபர் ஜான் கென்னடி, அவர் தம்பி ராபர்ட் கென்னடி ஆகியோரின் கொலைகளில் இவருக்கு நேரடித் தொடர்பு இருந்ததாகச் சில காலம் கருதப்பட்டது, எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று எழுதி வைத்தார். சீகன்தாலரோ ராபர்ட் கென்னடியிடம் உதவியாளராக இருந்தவர். அந்தப் பொய் நான்கு மாதங்களுக்கு மேல் அங்கேயே இருந்தது. ‘எதுவும் நிரூபிக்கப்படவில்லை’ என்று சேர்த்துவிட்டால் எதையும் எழுதலாம் என்று நினைப்பவர்கள் இன்றும் வருகிறார்கள். கூடாது. வாழும் நபரைப் பற்றிச் சான்றில்லாத பழி இருந்தால் உடனே நீக்குங்கள், பேச்சுப் பக்கத்தில் பேசி முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

மற்ற எல்லாவற்றுக்கும் காத்திருங்கள். ஒருவர் உங்கள் மாற்றத்தை நீக்கினால் திரும்பப் போடாதீர்கள், பேச்சுப் பக்கத்துக்குப் போங்கள். 24 மணி நேரத்தில் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் பிறர் மாற்றத்தை நீக்கி மீளமைக்கக் கூடாது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு விதி உண்டு. அது எல்லைக்கோடு. ஒரு நாளைக்கு மூன்று முறை உங்களுக்கு உரிமை உண்டு என்று அது சொல்லவில்லை. 23 மணி நேரம் பொறுத்திருந்து மூன்றாவதையும், 25ஆம் மணி நேரத்தில் நான்காவதையும் செய்பவரையும் தடை செய்வோம், செய்திருக்கிறோம்.

பேச்சுப் பக்கத்தில் என்ன எழுதுவது? "நீங்கள் எந்தக் கட்சி என்று தெரியும்" என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கிய எந்த உரையாடலும் முடிந்து நான் பார்த்ததில்லை. இப்போதுள்ள வாக்கியத்தை அப்படியே ஒட்டுங்கள், நீங்கள் விரும்பும் வாக்கியத்தைக் கீழே எழுதுங்கள், சான்றைக் கொடுங்கள். அவ்வளவுதான். இருவரும் அசையவில்லை என்றால் மூன்றாவது ஒருவரின் கருத்தைக் கேட்கலாம். அதற்கும் தீரவில்லை என்றால் சமூகத்தின் கருத்தைக் கோரலாம். ஆங்கில விக்கிப்பீடியாவில் அது வழக்கமாக 30 நாள் திறந்திருக்கும். தமிழ் விக்கிப்பீடியாவில் ஆலமரத்தடி என்ற பொது விவாதப் பக்கத்தில் கேளுங்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2004 முதல் நடுவர் குழு ஒன்று இருக்கிறது, ஆனால் அதுவும் பயனர்களின் நடத்தையைத்தான் விசாரிக்கும். எந்த வாக்கியம் சரி என்று தீர்ப்பு சொல்லாது.

நிர்வாகிகளான நாங்களும் சொல்ல மாட்டோம். நான் காப்புப் போடும்போது எந்த வடிவம் அங்கே இருந்ததோ அதுதான் தங்கும். தோற்றதாக நினைப்பவர் உடனே என்னை எதிரணி ஆள் என்கிறார். நிர்வாகி ஒரு பக்கம் சாய ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்குக் குரோவேசிய விக்கிப்பீடியா சாட்சி. அங்கே ஒரு சிறு கூட்டம் நிர்வாக அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் வரலாற்றையும் அரசியலையும் தங்கள் தேசியவாதப் பார்வைக்கு வளைத்தது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் அதைப் பற்றி விரிவான அறிக்கையே வெளியிட்டது. நான் தீர்ப்பு சொல்ல மறுப்பது உங்களை அலட்சியப்படுத்துவதற்காக அல்ல.

ஆள் திரட்டியும் வராதீர்கள். குழுவில் இணைப்பைப் போட்டு "போய் மாற்றுங்கள்" என்றதும் பத்துப் புதுக் கணக்குகள் ஒரே வரியை ஒட்டுவது எங்களுக்குத் தெரியாமல் போகாது. இணக்கம், அதாவது எல்லோரும் ஏற்கும் முடிவு, தலையை எண்ணி வருவதில்லை, காரணத்தை எடைபோட்டு வருவது. கட்சிக்கோ வேட்பாளருக்கோ வேலை செய்பவரா? தயவுசெய்து அதைச் சொல்லிவிட்டு, வேண்டிய மாற்றத்தைப் பேச்சுப் பக்கத்தில் கோரிக்கையாக வையுங்கள். 2014இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் இணைய முகவரி ஒன்றிலிருந்து விசமத்தனமான மாற்றங்கள் வந்தபோது அந்த முகவரியையே பத்து நாள் தடை செய்தார்கள்.

தீராது என்று தோன்றும் சண்டையும் தீரும். போலந்தில் உள்ள ஒரு நகரத்தை ‘கிடான்ஸ்க்’ என்று எழுதுவதா ‘டான்சிக்’ என்று எழுதுவதா என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒருவர் எழுதியதை ஒருவர் மாற்றிக்கொண்டே இருக்கும் பெரிய தொகுப்புப் போர் நடந்தது. போலந்துப் பெயரா, ஜெர்மன் பெயரா என்று கேட்டுக்கொண்டிருந்தவரை முடிவே வரவில்லை. 2005இல் அந்த ஒரே கேள்வியை உடைத்துக் காலகட்டம் காலகட்டமாகப் பிரித்து வாக்குக் கேட்டார்கள். 1793 முதல் 1945 வரையிலான செய்திகளுக்கு டான்சிக், 1945க்குப் பிறகு கிடான்ஸ்க் என்று இப்படி ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு முடிவு வந்தது. நான் பார்த்த தகராறுகளில் தீர்ந்தவை பெரும்பாலும் இந்த வழியில்தான் தீர்ந்தன, பெரிய கேள்வியைச் சின்னச் சின்ன வாக்கியங்களாக உடைத்து.

போன வாரக் கட்டுரையும் அப்படித்தான் முடிந்தது. தடை நீங்கியதும் ‘ஊழல்வாதி’ என்று எழுதியவர் பேச்சுப் பக்கத்துக்கு வந்து இரண்டு நாளிதழ்ச் செய்திகளைச் சான்றாக வைத்தார். வேறு ஒரு பயனர் அதில் ஒன்று வெறும் மேடைப் பேச்சு என்று சுட்டிக்காட்டினார். சரி என்று அவரும் அதை விட்டுவிட்டார். இப்போது முதல் வரியில் பதவியும் கட்சியும் மட்டும் இருக்கின்றன. வழக்கு எந்த ஆண்டு பதிவானது, எந்த நிலையில் இருக்கிறது என்பது கீழே தனிப் பத்தியாக, தேதியோடு இருக்கிறது. எல்லாம் சேர்ந்து நாற்பது நிமிட வேலை.

‘மக்கள் தலைவர்’ என்று எழுதியவர்தான் அந்தப் பறவைக் கட்டுரைகளை எழுதியவர். அவர் இன்னும் திரும்பி வரவில்லை. பாதியில் நிற்கும் அவருடைய மீன்கொத்திக் கட்டுரையின் இணைப்பை அவர் பேச்சுப் பக்கத்தில் போட்டு, வந்து முடித்துத் தாருங்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன்.