கை ஏன் தப்பான படத்தில் போய் இடிக்கிறது?

பேச்சு வராத ஒரு குழந்தையின் பக்கவாட்டில் படப்பலகை இருக்கிறது. சோறு, தண்ணீர், பந்து. "எது வேணும்?" என்கிறார் ஆசிரியை. தண்ணீரைப் பார்க்கக் குழந்தை தலையைத் திருப்புகிறது. உடனே அந்தப் பக்கக் கை விறைத்து நீண்டு, பந்துப் படத்தில் இடிக்கிறது. ஆசிரியை பந்தை எடுத்துக் கொடுக்கிறார். குழந்தை அழுகிறது.

தலை திரும்பிய பக்கம் கை நீள்வதும் மறுகை மடங்குவதும் பச்சிளங்குழந்தைகள் எல்லோருக்கும் உள்ள அனிச்சைச் செயல்தான். சுமார் 6 மாதத்தில் அது அடங்கிவிடும். மூளை முடக்குவாதம் உள்ள சில குழந்தைகளிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. தனக்கு என்ன வேண்டும் என்று குழந்தைக்குத் தெரியும். கைதான் சொன்னபடி கேட்பதில்லை.

ஆசிரியைக்கு இது தெரியாமல் போனதில் தவறில்லை. இது, அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் படிக்கும் பாடம். அவர் வந்ததும் முதலில் நாற்காலியைப் பார்ப்பார். இடுப்பு சரிந்தால், தலையை நிமிர்த்தி வைப்பதிலேயே குழந்தையின் பலமெல்லாம் போய்விடும். பாதம் ஊன்ற ஒரு பலகை, இடுப்புக்கு ஒரு பட்டை. அப்புறம் படப்பலகை நேர் நடுவுக்கு வரும். கண் மருத்துவர் இன்னொன்று சொல்லக்கூடும்: கண் நன்றாக இருந்தும், நெருக்கமான படங்களை மூளையால் பிரித்தறிய முடியாமல் இருக்கலாம். அப்போது கறுப்புப் பின்னணியில், இடைவெளி விட்டு, நாலைந்து படம் போதும். குழந்தை மேலே பார்த்தால் "ஆமாம்" என்று அர்த்தம் என்பது அம்மாவுக்கு மட்டுமே தெரிந்திருக்கும். அதை எல்லோரும் எழுதிவைத்துக்கொண்டு ஒரே மாதிரி புரிந்துகொள்ள வேண்டும். வகுப்பில் ஒரு சைகை, பயிற்சி அறையில் வேறு சைகை என்றால் குழந்தை எதை நம்பும்?

சரி, பலகையில் என்ன இருக்க வேண்டும்? 1971இல் கனடாவின் டொரண்டோவில் சிறப்பாசிரியை ஷெர்லி மெக்நாட்டனும் உடன் வேலை செய்தவர்களும் இதே கேள்வியோடு நின்றார்கள். பொருள்களின் படங்களை வைத்துக் குழந்தைகளால் கேட்கத்தான் முடிந்தது, சொல்ல முடியவில்லை. அவர்கள் கண்டெடுத்தது, சார்லஸ் பிளிஸ் என்பவர் உலகப் பொதுமொழியாக உருவாக்கிய குறியீடுகளை. அதில் இதயத்தோடு மேல்நோக்கிய அம்பு மகிழ்ச்சி. அம்பு கீழ்நோக்கினால் வருத்தம். குறிகளைச் சேர்த்துக் குழந்தைகள் புதுச் சொற்களையே உண்டாக்க முடிந்தது. எனக்கு இந்த இடம்தான் மிகப் பெரிது: கேட்டு வாங்க மட்டுமே முடிந்த குழந்தை, தன் மனதைச் சொல்லத் தொடங்கியது.

அதனால்தான் ஸ்பீச் தெரபிஸ்ட்டுகள் இன்று "இன்னும்", "போதும்", "ஏன்", "பிடிக்கலை" போன்ற சொற்களுக்குப் பலகையில் நல்ல இடம் கேட்கிறார்கள். "தண்ணீர்" ஒரு வேளைக்கு உதவும். "போதும்" குளிக்கும்போதும், சாப்பிடும்போதும், யாராவது கன்னத்தைக் கிள்ளும்போதும் உதவும். சென்னையில் பொறியாளர் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' செயலியில், படத்தைத் தொட்டால் அது குரலாக ஒலிக்கும். பொத்தான் எங்கே இருந்தால் கை எட்டும் என்பதை அங்கேயும் தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று பலரும் விட்டுவிடுவது. பேசும் குழந்தை முதல் சொல்லைச் சொல்லுமுன் ஏறக்குறைய ஒரு வருடம் பிறர் பேசக் கேட்கிறது. பலகையில் பேசும் குழந்தைக்கோ, பலகையில் பேசிக் காட்ட ஆளே இல்லை. ஆகவே பெரியவர்களும் பேசும்போதே படங்களைத் தொட வேண்டும். அம்மா "இன்னும் வேணுமா?" என்று கேட்டபடி "இன்னும்" படத்தைத் தொடுவார். அடுத்த நாள் வகுப்பில் ஆசிரியையும் அதே படத்தைத் தொடுவார்.