குழந்தை, வளரிளம்பருவ உளமருத்துவம்: சொல்லும் பொருளும்

மருத்துவமனைகளில் ‘சைல்ட் அண்ட் அடோலசென்ட் சைக்கியாட்ரி’ என்ற பெயரில் இயங்கும் பிரிவைத் தமிழில் எப்படிக் குறிப்பது என்பதில் இன்னும் ஒருமித்த வழக்கு உருவாகவில்லை. குழந்தைகள் மனநலப் பிரிவு, சிறார் மனநோய்ப் பிரிவு, குழந்தை உளவியல் துறை, வளரிளம்பருவ ஆலோசனை மையம் எனப் பல பெயர்கள் வழங்குகின்றன. இவற்றுள் சில அங்கு நடக்கும் பணியைக் குறைத்துக் காட்டுகின்றன. சில திரித்துக் காட்டுகின்றன. பிள்ளையை அங்கே அழைத்துச் செல்லலாமா என்று தயங்கும் பெற்றோர் முதலில் எதிர்கொள்வது அந்தப் பெயரைத்தான் என்பதால், அது சரியாக அமைவது சிறிய செய்தியன்று. குழந்தை, வளரிளம்பருவம், உளம், மருத்துவம் ஆகிய நான்கு உறுப்புகளையும் விடாமல் கொண்ட ‘குழந்தை, வளரிளம்பருவ உளமருத்துவம்’ என்பதே பொருத்தமான தமிழ் வடிவம் என்று கருதுகிறேன். இவற்றுள் எதை விட்டாலும் பொருள் குறைகிறது.

‘சைக்கியாட்ரி’ என்பது கிரேக்க வேர்கள் இரண்டைச் சேர்த்து ஜெர்மானியர் ஆக்கிய சொல். ஜெர்மனியின் ஹாலே நகர மருத்துவரான யோகான் கிறிஸ்டியான் ரைல் 1808இல் அதை முன்வைத்தார். முதல் வேரான ‘ப்சுகே’ தொடக்கத்தில் மூச்சையும், பின்னர் உயிரையும், அதன் பின் உள்ளத்தையும் குறித்தது. தமிழிலும் ‘உயிர்த்தல்’ என்பதற்கு மூச்சுவிடுதல் என்ற பொருள் உண்டு. இரண்டாம் வேரான ‘இயாத்ரோஸ்’ மருத்துவரைக் குறிக்கும். குழந்தை மருத்துவத்துக்குரிய ‘பீடியாட்ரிக்ஸ்’ என்ற சொல்லின் பிற்பகுதியும் இதுவே. அறுவை மருத்துவம், உடல் மருத்துவம் ஆகியவற்றுக்கு இணையான மருத்துவக் கிளையாக உள்ளத்தின் மருத்துவமும் வளர வேண்டும் என்பதே ரைலின் வாதம். எனவே இச்சொல்லில் ‘மருத்துவம்’ என்ற பகுதி முழு எடையுடன் நிற்கிறது. இதனை ‘உளவியல்’ என்று பெயர்ப்பது பிழை; உளவியல் என்பது உள்ளத்தின் இயக்கத்தை ஆராயும் ‘சைக்காலஜி’ என்ற வேறொரு துறையின் பெயர். மருத்துவப் பட்டம் பெற்று, நோயறிந்து, தேவையானால் மருந்தும் எழுதுபவர் உளமருத்துவர். சோதனைகள் வழியாகவும் உளவியல் சிகிச்சைகள் வழியாகவும் பணியாற்றுபவர் உளவியலாளர். இருவரும் ஒரே பிரிவில் அருகருகே வேலை செய்வதால் பெயர்களும் கலந்துவிடுகின்றன.

குழந்தைகளுக்கென்று இந்த மருத்துவம் தனியே பிரிந்தது மிகவும் பிந்தித்தான். ஹெர்மன் எம்மிங்ஹவுஸ் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1887இல் குழந்தைப் பருவத்தின் உளக் கோளாறுகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். உளமருத்துவர் லியோ கானர் 1930இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், குழந்தை மருத்துவத்தின் அரவணைப்பிலேயே, இதற்கான பிரிவைத் தொடங்கினார். 1935இல் ‘சைல்ட் சைக்கியாட்ரி’ என்ற பெயரிலேயே பாடநூல் வெளியிட்டார். அதே கானர் 1943இல் 11 குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் என்ற நிலையை மருத்துவ உலகுக்கு விரிவாக அறிமுகப்படுத்தியது. பெரியவர்களின் நோய்ப் பட்டியலைச் சிறியவர்கள் மீது பொருத்திப் பார்ப்பதை விட்டு, குழந்தையைக் குழந்தையாகவே கவனித்ததால் கிடைத்த பயன் அது.

அடுத்து, ‘குழந்தை’ என்ற சொல். தொல்காப்பிய உரியியல் ‘மழவும் குழவும் இளமைப் பொருள’ என்கிறது. ‘குழ’ என்ற அந்த வேரிலிருந்து வந்தவையே குழவியும் குழந்தையும். அதே நூலின் மரபியல் என்ற பகுதியில் இளமைப் பெயர்களாகப் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பது தரப்படுகின்றன. அவற்றுள் மக்களுக்கு உரியவை குழவியும் மகவும் மட்டுமே என்று அந்நூல் வரையறுக்கிறது. பிள்ளை என்ற சொல் இன்று மனிதருக்கே பெரிதும் வழங்கினாலும், மகன் அல்லது மகள் என்ற உறவுப் பொருள் அதில் கலந்திருப்பதால் துறைப் பெயருக்கு அது ஏற்றதன்று. ‘சிறார்’ நல்ல சொல்லே. ஆயினும் சிறார் நீதி, சிறார் குற்றம் என்ற தொடர்களின் வழியாகச் சட்ட வாடை அதில் ஏறிவிட்டது. மருத்துவமனைக்கு வரும் குழந்தை எந்தத் தவறும் செய்துவிட்டு வரவில்லை.

‘அடோலசென்ட்’ என்பதன் வேர் இலத்தீன். ‘அடோலெஸ்கெரே’ என்றால் வளர்ந்து வருதல். ஊட்டி வளர்த்தல் என்ற பொருளுடைய ‘அலெரே’ அதன் உள்ளே இருக்கிறது. அதே வினையின் முற்றுப்பெற்ற வடிவமே ‘அடல்ட்’, அதாவது வளர்ந்து முடிந்தவர். உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களை இப்பருவத்தினர் என்கிறது. தமிழில் விடலைப் பருவம், குமரப் பருவம், வளரிளம்பருவம் என்ற மூன்றும் வழங்குகின்றன. இலங்கைத் தமிழர் கட்டிளமைப் பருவம் என்பர். விடலை என்பது சங்கப் பாடல்களில் வீரமிக்க இளைஞனைக் குறித்தது. இன்றைய பேச்சிலோ பொறுப்பில்லாதவன் என்ற தொனி சேர்ந்துவிட்டது, தவிர அது ஆணை மட்டுமே சுட்டுகிறது. கட்டிளமை உடலின் உறுதியைச் சொல்கிறது. ஆனால் இப்பருவத்தின் சிக்கல், உடல் முந்திக்கொள்ள உள்ளம் பின்தொடர்வதிலேயே இருக்கிறது. வளரிளம்பருவம் என்பதை வினைத்தொகையாகக் கொண்டால் வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்ற மூன்று காலமும் அதற்குள் அடங்குகின்றன. இலத்தீன் வேரின் பொருளை இவ்வளவு நெருக்கமாகத் தரும் சொல் வேறில்லை.

இந்த ‘வளர்’ என்ற அசைதான் துறையின் உயிர்நாடி. ஒரே நடத்தை ஒரு வயதில் இயல்பாகவும் மற்றொரு வயதில் நோயின் அறிகுறியாகவும் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை படுக்கையை நனைப்பது யாருக்கும் கவலை தருவதில்லை; ஐந்து வயதைக் கடந்தும் அது தொடர்ந்து நிகழ்ந்தால்தான் கோளாறாகக் கணிக்கப்படும். தாயை விட்டுப் பிரிய அஞ்சி அழுவது கைக்குழந்தைக்கு இயல்பு, அதுவே பத்து வயதில் பள்ளிக்குப் போக முடியாத அளவுக்கு இருந்தால் பிரிவுப் பதற்றம் எனப்படும். கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு, அதாவது ஏடிஎச்டி, என்று முடிவு செய்ய அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீட்டில் மட்டுமோ பள்ளியில் மட்டுமோ அல்லாமல் இரண்டு சூழல்களிலாவது அவை தென்பட வேண்டும். மனச்சோர்வுகூடப் பிள்ளைகளிடம் துயரமாக வெளிப்படாமல், எதற்கெடுத்தாலும் எரிந்துவிழும் கோபமாக வெளிப்படலாம். அந்தக் கோபத்தைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு தண்டித்து, நோயை மேலும் ஆழமாக்கிவிடும் குடும்பங்களும் பள்ளிகளும் உண்டு என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

வளரிளம்பருவத்தைப் பெயரில் தனியே சொல்ல வேண்டியதற்கும் வலுவான காரணம் இருக்கிறது. உண்ணுதல் சார்ந்த கோளாறுகள், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், போதைப்பழக்கம் ஆகியவை பெரும்பாலும் தலைகாட்டத் தொடங்கும் வயது இது. மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா, 13 வயதுக்கு முன் மிக அரிதாகவே காணப்படுகிறது. அதன் பின் படிப்படியாகக் கூடுகிறது. ‘குழந்தை’ என்று மட்டும் பெயர்ப்பலகையில் எழுதினால் பதினாறு வயது மாணவி அந்த வாசலில் நுழையக் கூச்சப்படுவாள்.

அப்பெயரின் கீழ் மருத்துவமனையில் நடப்பது பலர் செய்யும் கூட்டுப்பணி. உளமருத்துவர், மருத்துவ உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர், பேச்சுப் பயிற்சியாளர், செயல்முறைச் சிகிச்சையாளர், சிறப்புக் கல்வியாளர் எனப் பலர் ஒரே குழந்தையைப் பார்க்கிறார்கள். கருவுற்ற காலம், பிறப்பு, நடக்கவும் பேசவும் தொடங்கிய வயது, பள்ளி வரலாறு ஆகியவற்றைப் பெற்றோரிடம் கேட்டறிவார்கள். குழந்தையுடன் தனியாகவும் பேசுவார்கள். சிறு குழந்தை தன் நிலையைச் சொற்களில் சொல்லாது என்பதால் விளையாட்டையும் படம் வரைதலையும் கவனித்தே பல செய்திகள் பெறப்படுகின்றன. வலிப்பு, தைராய்டு குறைபாடு, கேட்கும் திறன் குறைவு போன்ற உடற்காரணங்கள் உண்டா என்றும் ஆராயப்படும். பேச்சு வராத குழந்தைக்கு முதலில் செவியைச் சோதிப்பது இதனால்தான். வேறு நோய்க்காகக் குழந்தைகள் பிரிவில் படுத்திருக்கும் பிள்ளையைச் சென்று பார்ப்பதும் இவர்கள் பணியில் அடங்கும்.

இத்தனையையும் ‘கவுன்சலிங்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடைக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. ஆற்றுப்படுத்தல், அல்லது இலங்கைத் தமிழர் அழகாகச் சொல்லும் உளவளத்துணை, இம்மருத்துவத்தின் ஒரு பகுதி மட்டுமே. நான்கு முறை பேசினால் சரியாகிவிடும் என்ற எண்ணத்தை அந்தச் சொல் தருவதால், மருந்தோ உள்நோயாளராகச் சேர்ப்பதோ தேவைப்படும் பிள்ளைக்குச் சிகிச்சை தாமதமாகிறது.

‘மன’ என்பதா, ‘உள’ என்பதா என்பது அவ்வளவு பெரிய சிக்கலன்று. மனம் வடமொழி மூலம் உடையது. உளம் தமிழ்ச் சொல், உளவியல் என்ற துறைப்பெயரோடு இணைந்தும் வரும். மனநலம் என்பதோ குறளிலேயே, ‘மனநலம் மன்னுயிர்க் காக்கம்’ என, மனத்தின் நன்மை என்ற பொருளில் ஆளப்பட்ட பழைய தொடர். ‘மனநல மருத்துவம்’ என்று எழுதுவோரை மறுக்கக் காரணம் இல்லை. விலக்க வேண்டியது ‘மனநோய்ப் பிரிவு’ என்ற வடிவத்தையே. அங்கு வரும் குழந்தைகளுள் கற்றல் குறைபாடு உடையோர், இழப்பால் துவண்டோர், வன்முறைக்கு ஆளானோர் என நோய் என்ற சொல்லுக்குள் அடங்காத பலர் உள்ளனர்.

பெயர்ப்பலகையில் ‘குழந்தை, வளரிளம்பருவ உளமருத்துவப் பிரிவு’ என்றும், மருத்துவரைக் குறிக்கும்போது ‘குழந்தை உளமருத்துவர்’ என்றும் எழுதலாம். இரண்டு பருவங்களுக்கு இடையே ‘மற்றும்’ சேர்க்கத் தேவையில்லை, காற்புள்ளியே போதும். சிகிச்சைக்கு வரும் சிறுவனையோ சிறுமியையோ ஆவணங்களில் குறிக்கும்போது ‘மனநோயாளி’ என்று எழுதாமல், பெயரையும் வயதையும் எழுதி, கண்டறியப்பட்ட நிலையை அதற்குரிய இடத்தில் தனியாகக் குறிப்பிடுவதே முறை.