சுவர்மேல் கை வைக்காதீர்கள், புண்ணியமாய்ப் போகும்

“தம்பி, 3,000 வருஷமா நிக்கிற சுவர். நான் ஒரு விரல் வச்சா உதிர்ந்துடுமா?”

போன மாதம் லக்சரில், மன்னர்களின் பள்ளத்தாக்குக் கல்லறை ஒன்றுக்குள் ஒரு பெரியவர் கேட்டது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கேட்கும்போதே அவர் உள்ளங்கை, சுவரில் வரைந்திருந்த நரித்தலைக் கடவுள் அனுபிஸின் காதுமேல்தான் இருந்தது. எடுத்ததும் அந்த இடம் மட்டும் வியர்வையில் கறுத்துத் தெரிந்தது.

உதிரும் ஐயா. பதினோரு வருடமாகக் குழுக்களை எகிப்துக்கு அழைத்து வருகிறேன். இந்தக் கேள்வி வராத பயணம் ஒன்றுகூட இல்லை.

முதல் நாள் கிசாவில் பிரமிடைப் பார்த்துவிடுகிறோமா, எகிப்தில் எல்லாமே மலைபோலக் கல் என்று மனதில் பதிந்துவிடுகிறது. கல்லறை ஓவியம் அப்படியில்லை. எகிப்து மன்னர் இரண்டாம் ராம்சஸின் மனைவி நெஃபர்தாரியின் கல்லறையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாறையின் தரம் மோசம். அதனால் களிமண், ஜிப்சம், வைக்கோல் கலந்து பூசி, அந்தப் பூச்சின்மேல்தான் வரைந்தார்கள். அது இத்தனை காலம் தாங்கியதற்குக் காரணம் மழை அரிதான பாலைவனமும், உள்ளே மூச்சுவிட ஆள் இல்லாததும்தான். 3,000 வருஷம் என்கிறீர்களே, அதில் பெரும்பகுதி அங்கே யாரும் கூட்டமாக நின்றதில்லை. 1904-இல் இத்தாலியத் தொல்லியலாளர் ஸ்கியாபரெல்லி அதைக் கண்டுபிடித்தார். அப்புறம் ஆட்கள் வந்தார்கள், மூச்சும் வியர்வையும் வந்தன. பாறையிலிருக்கும் உப்பு ஈரத்தில் கரையும், காய்ந்தால் படிகமாகிப் பூச்சை வெளியே தள்ளும். ராணியின் முகம் மேலே, உப்பு கீழே. அவ்வளவுதான் விஷயம்.

1986 முதல் 1992 வரை அமெரிக்காவின் கெட்டி கலைப் பாதுகாப்பு நிறுவனமும் எகிப்து தொல்பொருள் துறையும் சேர்ந்து அதைக் காப்பாற்றின. விழவிருந்த செதில்களை முதலில் ஜப்பானிய மல்பெரிப் பட்டைக் காகிதத் துண்டுகளால் ஒட்டிப் பிடித்து நிறுத்தினார்கள். போன இடத்தில் புதிதாக வண்ணம் பூசவில்லை; போனது போனதுதான். 1995-இல் திறந்தபோது நாளைக்கு 150 பேர் என்று வரம்பு வைத்ததும் இதனால்தான். “காசு கட்டியிருக்கோமே” என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

காவலர் கண்ணைக் காட்டி, கயிற்றைத் தாண்டி வரச் சொல்வார். பக்ஷீஷ், அதாவது கைக்காசு, கேட்கிறார் என்று அர்த்தம். போகாதீர்கள். பிளாஷை அணைத்துவிடுங்கள். முதுகுப்பையை நெஞ்சுப்பக்கம் மாட்டுங்கள். நீங்கள் திரும்பும்போது சுவரை உரசுவது அந்தப் பைதான், உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. வெளியே “பழைய சிலை சார்” என்று எவனாவது துணியை விரித்தால் நடையைக் கட்டுங்கள். பெரும்பாலும் போலி. நிஜமாக இருந்துவிட்டால் இன்னும் ஆபத்து, 1983-ஆம் ஆண்டின் 117-ஆம் சட்டப்படி குற்றம்.

இன்னொன்று. மன்னர் துட்டன்காமுனின் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் தங்கிய வீட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கல்லறையின் அச்சு அசலான நகல் 2014 முதல் இருக்கிறது. “டூப்ளிகேட்டைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?” என்று முகம் சுளிக்கிறார்கள். ஒருமுறை வாருங்களேன். கூட்டமே இருக்காது, சுவருக்குப் பக்கத்தில் நின்று ஆற அமரப் பார்க்கலாம். தலைமையாசிரியர் ஐயா அங்கேதான் அரைமணி நேரம் நின்றார், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு.