கல்பாசிப் பொட்டலத்துக்குள் எத்தனை இனங்கள்?

தென்னை, பாக்கு, மா மரங்களின் தண்டில் வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுகள் படர்ந்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பி, இது என்ன நோய், எந்த மருந்தை அடிக்க வேண்டும் என்று கேட்கும் விவசாயிகளை லைக்கன் ஆய்வில் இருப்பவர்கள் அனைவரும் அறிவார்கள். அது நோயே அன்று; லைக்கன் என்னும் கூட்டுயிரிதான் அது. லைக்கன் தனக்கு வேண்டிய உணவைத் தானே தயாரித்துக்கொள்கிறது. நீரையும் தாது உப்புகளையும் பெரும்பாலும் மழையிலிருந்தும் பனியிலிருந்தும் காற்றில் வரும் தூசியிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. மரப்பட்டை அதற்கு ஓர் இருப்பிடம், அவ்வளவுதான். வாடிய மரத்தில் அது மிகுதியாகத் தெரிவது உண்மை. ஆனால் இலை உதிர்ந்த கிளைகளில் வெயில் கூடுதலாகப் படுவதால் லைக்கன் செழிக்கிறதே தவிர, லைக்கன் செழிப்பதால் மரம் வாடுவதில்லை. இதற்காகத் தண்டைச் சுரண்டுவது வீண் வேலை மட்டுமன்று. பட்டையில் ஏற்படும் காயத்தின் வழியே உண்மையான நோய்க்கிருமிகள் உள்ளே நுழையவும் அது இடம் கொடுத்துவிடும்.

பூஞ்சையும் பாசியும் சேர்ந்து நடத்தும் கூட்டுவாழ்வுதான் லைக்கன். சில இனங்களில் பாசியின் இடத்தில் நீலப்பசும்பாசி எனப்படும் பாக்டீரியா இருக்கும். பூஞ்சை உடலைக் கட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. ஒளிச்சேர்க்கை செய்து சர்க்கரை தருவது மற்றதன் பொறுப்பு. 1860களில் சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் இதைச் சொன்னபோது, அக்காலத்து லைக்கன் அறிஞர்கள் பலர் ஏற்க மறுத்தார்கள். அவர்களுள் ஒருவரான வில்லியம் நைலாண்டர்தான், பாரிஸ் நகரின் லக்சம்பர்க் பூங்காவில் வளரும் லைக்கன்களைக் கொண்டு காற்றின் தூய்மையை மதிப்பிடலாம் என்று 1866-இல் எழுதியவர். ஓர் உயிரின் இயல்பை அவ்வளவு நுட்பமாகக் கவனித்தவருக்கு, அது இரண்டு உயிர்களின் கூட்டு என்பதை மட்டும் கடைசிவரை ஏற்க முடியவில்லை.

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் லைக்கன் உண்டு. செட்டிநாட்டுக் குழம்புக்கும் பிரியாணிக்கும் தாளிக்கும் கல்பாசிதான் அது. இதன் அறிவியல் பெயர் பார்மோட்ரீமா பெர்லாட்டம் என்று எல்லா இடங்களிலும் எழுதப்பட்டிருக்கும். ஆனால் கடையில் வாங்கிய ஒரு பொட்டலத்தை வெள்ளைத்தாளில் கொட்டிக் கைலென்ஸ் வழியே பார்த்தால், அந்தப் பெயர் உள்ளே இருப்பவற்றில் ஒரு பகுதிக்கே பொருந்தும் என்பது விளங்கிவிடும். மேலே சாம்பலும் அடியில் கறுப்புமாக அகன்ற மடல்கள் இருக்கும். அவற்றில் சிலவற்றின் ஓரத்தில் மாவு தூவியதுபோல் சொரிடியா எனப்படும் துகள்கள் தெரியும்; வேறு சிலவற்றின் மேற்பரப்பில் ஐசிடியா எனப்படும் நுண்ணிய குச்சிகள் நிமிர்ந்து நிற்கும். இவற்றுக்கிடையே குறுகிய நாடாக்களாகக் கிளைத்து, விளிம்பில் கறுப்பு மயிர்களோடு கிடப்பது எவர்னியாஸ்ட்ரம் என்ற வேறொரு வகை.

கண் தடுமாறும் இடத்தில் வேதிச் சோதனை கைகொடுக்கும். பிளேடால் மடலின் மேல்தோலை இலேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளை அடுக்கு தெரியும். அதில் ஒரு துளி பிளீச்சிங் கரைசலை விட்டதும் சட்டென்று சிவந்தால், லெக்கனோரிக் அமிலம் இருக்கிறது என்று பொருள். ஐசிடியா உள்ள மடலாகவும் இருந்தால் அது பார்மோட்ரீமா டிங்டோரம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு துளி பட்டு மஞ்சளாகிப் பிறகு இரத்தச் சிவப்பாக மாறினால், அங்கே இருப்பது சலாசினிக் அமிலம். மேற்பரப்பில் வலைபோன்ற வெடிப்புகளும் சேர்ந்திருந்தால் அது பார்மோட்ரீமா ரெட்டிகுலேட்டம். பெர்லாட்டத்தில் ஸ்டிக்டிக் அமிலம் இருப்பதால் அதே துளிக்கு மஞ்சளும் ஆரஞ்சுமாகவே நிறம் வரும். உருவத்தில் ஒன்றுபோல் தோன்றும் இனங்களைப் பிரிக்க மெல்லடுக்கு குரோமட்டோகிராபி என்ற ஆய்வகப் பிரிப்பு முறை வரை போக வேண்டியிருக்கும். படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்லும் செயலிகளை லைக்கன் விஷயத்தில் நான் நம்புவதில்லை. இந்த அமிலங்கள் எந்தப் படத்திலும் தெரிவதில்லை.

இந்தியாவில் 2,700-க்கும் மேற்பட்ட லைக்கன் இனங்களும், உலகில் ஏறத்தாழ 20,000 இனங்களும் பதிவாகியுள்ளன. இந்திய லைக்கனியலின் தந்தை எனப்படும் டி.டி. அவஸ்தி லக்னோவில் தொடங்கிவைத்த பணியை அந்நகரிலுள்ள தேசியத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் தொடர்கிறது. அவர் சேர்த்த மாதிரிகளும் அங்கேதான் உள்ளன. ஆனாலும் இந்த எண்ணிக்கைகளை முடிந்த கணக்காகக் கொள்ளக் கூடாது. அமெரிக்க வெப்பமண்டலப் பகுதியில் வளரும் கோரா என்ற லைக்கன் நெடுங்காலம் ஒரே இனமாகவே கருதப்பட்டு வந்தது. 2014-இல் மரபணு ஆய்வு நடத்தியபோது, அந்த ஒன்றுக்குள் 126 இனங்கள் இருப்பது தெரியவந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைக்காடுகளில், குறிப்பாக மரப்பட்டையோடு ஒட்டி மெல்லிய படலமாக வளரும் வகைகளில், அப்படி இன்னும் எத்தனை மறைந்துள்ளனவோ!

கல்பாசியைப் பற்றி நான் கவலைப்படுவதும் இதனால்தான். கல்பாசியை எவரும் பயிரிடுவதில்லை. பெரும்பாலும் இமயமலைச் சரிவுகளிலிருந்தும், ஓரளவு நம் மலைகளிலிருந்தும் மரத்தை விட்டு உரித்தெடுத்து மூட்டைகளில் கட்டி அனுப்புகிறார்கள். மடல் லைக்கன்கள் பொதுவாக ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், உள்ளங்கை அகல மடல் ஒன்று உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். உரிக்கும் கை இனம் பார்த்து உரிப்பதில்லை. அரிய இனங்களும் கல்பாசி என்ற ஒரே பெயரில் எடைபோடப்படுகின்றன. எந்த இனம், எங்கிருந்து, எவ்வளவு என்ற விவரமில்லாத மூட்டையை வைத்துக்கொண்டு எது அழிகிறது, எது பிழைக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சமையலில் கல்பாசியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழம்புக்கு ஒரு சிட்டிகை போதும். வாங்கும் வணிகர்கள் இன வாரியாகப் பிரித்துக் கேட்கத் தொடங்கினாலே நிலைமை பெரிதும் மாறும்.

லைக்கன் இருந்தால் காற்று சுத்தம் என்று பள்ளிகளில் சொல்லிக்கொடுப்பதிலும் ஒரு திருத்தம் தேவை. கந்தக டைஆக்சைடு கலந்த காற்றில் பல இனங்கள் மடிந்துபோவது உண்மை. ஆனால் பிக்சைன் கோகோஸ் போன்றவை வாகனப் புகை நிறைந்த நம் நகரச் சாலையோர மரங்களிலும் தாராளமாக வளர்கின்றன. அதற்கு மாறாக ஸ்டிக்டா, லொபேரியா போன்றவை ஈரம் குன்றாத பழைய காடுகளையே நாடுகின்றன. ஆகவே எந்த இனம் என்று தெரிந்தால்தான் காற்றைப் பற்றியோ காட்டைப் பற்றியோ எதையும் சொல்ல முடியும்.

உங்கள் தோட்டத்து லைக்கனை அடையாளம் காண விரும்பினால், காசளவுத் துண்டு ஒன்றைப் பட்டையின் மெல்லிய சீவலோடு எடுத்து நிழலில் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். பாலித்தீன் பையில் போட்டால் ஈரம் தங்கிப் பூசணம் பிடித்துவிடும். மரத்தின் பெயர், ஊர், கடல்மட்டத்திலிருந்து உயரம், எடுத்த நாள் ஆகியவற்றை உறையின் மேல் பென்சிலால் எழுதி, அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் கொடுக்கலாம். காடுகளிலும் சரணாலயங்களிலும் வனத்துறையின் அனுமதியின்றி ஒரு துணுக்கைக்கூட எடுக்கக் கூடாது.