இருநூற்று நாற்பது பிள்ளைகள், எட்டு வகுப்புகள்

கல்வியியலிலும் உளவியலிலும் முதுகலை, முனைவர் பட்டங்களுக்காக ஆய்வு செய்வோர் தம் தரவுகளை எடுத்துக்கொண்டு காரைக்குடியில் என்னைத் தேடி வருவதுண்டு. புள்ளியியல் கற்பித்துக் கழிந்த ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வேலை மட்டும் என்னை விடவில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் கணக்கெல்லாம் முடித்து, அட்டவணைகளையும் அச்சிட்டு, 'ஒரு தடவை பார்த்துக் கொடுங்கள் ஐயா' என்ற நிலையில்தான் வருகிறார்கள். கட்டடம் எழும்பிய பிறகு அடித்தளத்தைப் பார்க்கச் சொல்வது போன்றது அது.

சில மாதங்களுக்கு முன் ஓர் ஆய்வாளர் வந்தார். ஆளை அடையாளம் காட்டாதிருக்க எண்களைச் சற்று மாற்றியே எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பு அறிவியலைச் செயல்வழியில் கற்பித்தால் அடைவு கூடுமா என்பது அவருடைய கேள்வி. நான்கு வகுப்புகள் புதிய முறையில் கற்ற சோதனைக் குழு, நான்கு வகுப்புகள் வழக்கமான முறையில் கற்ற கட்டுப்பாட்டுக் குழு, வகுப்புக்கு முப்பது பேர் என மொத்தம் 240 மாணவர்கள். இரு குழுக்களின் சராசரி வேறுபாடு தற்செயல் ஏற்ற இறக்கத்தைப் போல் எத்தனை மடங்கு என்று சொல்லும் டி-மதிப்பு 3.9, '0.01 மட்டத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது' என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அதாவது, உண்மையில் வேறுபாடே இல்லையென்றால் இவ்வளவு பெரிய வேறுபாடு தற்செயலாக வர நூற்றில் ஒரு வாய்ப்புக்கும் குறைவு என்பது அதன் பொருள். எந்த விடைத்தாள் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று கேட்டேன். "எக்செல்லில் ஏற்றும்போது எல்லாக் கட்டையும் பிரித்துக் கலந்துவிட்டேனே, ஐயா. அது எதற்கு?" என்றார்.

அது எதற்கு என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறைக்குள் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது உடனே விளங்கும். கண்ணாடிப் பலகையின் மேல் அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துகிறார்கள். ஒரே நாளில், ஒரே கைக்காரர், ஒரே கலவையில் வார்த்த முப்பது கற்களில் சிவப்பு சற்று வெளுத்திருந்தால் முப்பதிலும் வெளுத்திருக்கும். அந்த முப்பதையும் சோதித்துவிட்டு 'முப்பது கற்களைப் பார்த்தேன்' என்று சொல்லலாம். ஆனால் ஆத்தங்குடிக் கல்லின் தரத்தைப் பற்றி உங்களுக்குக் கிடைத்தது கிட்டத்தட்ட ஒரு கலவையின் செய்திதான். முப்பது பட்டறைகளிலிருந்து ஒவ்வொரு கல்லாக எடுத்தவருக்குக் கிடைத்தது வேறு.

வகுப்பறையும் அப்படிப்பட்ட கலவையே. ஒரு வகுப்பின் முப்பது பிள்ளைகளுக்கும் ஒரே ஆசிரியர், ஒரே பாடவேளை, ஒரே தலைமையாசிரியர், பெரும்பாலும் ஒரே சுற்றுவட்டாரம். குன்றக்குடியில் பங்குனி உத்திரம் முடிந்த மறுநாள், பாடம் முடிந்தபின் எடுக்கும் பின்தேர்வை வைத்தால், இரவெல்லாம் கண்விழித்த பிள்ளைகள் அத்தனை பேருடைய மதிப்பெண்ணும் சேர்ந்தே இறங்கும். டி-சோதனை இதை அறியாது. ஒவ்வொரு மதிப்பெண்ணும் மற்றவற்றோடு தொடர்பில்லாமல் வந்தது என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது. அந்த நம்பிக்கை பொய்த்தால், சராசரி வேறுபாடு தற்செயலாக எவ்வளவு அசையும் என்று சொல்லும் திட்டப்பிழை உண்மையில் இருப்பதைவிடச் சிறியதாகத் தெரியும், டி-மதிப்பு வீங்கும்.

எவ்வளவு வீங்கும் என்பதைக் கணக்கிடலாம். ஒரே வகுப்பைச் சேர்ந்த இருவரின் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் எண்ணுக்கு உள்வகுப்பு ஒட்டுறவு என்று பெயர். கல்வி அடைவில் இது 0.1 முதல் 0.25 வரை இருப்பது பரவலாகக் காணப்படுவதே. இங்கே 0.2 என்று வைத்துக்கொள்வோம். வகுப்பின் அளவிலிருந்து ஒன்றைக் கழித்து, அதை 0.2-ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால் 6.8 வருகிறது. இதை வடிவமைப்பு விளைவு என்பார்கள். 240-ஐ 6.8-ஆல் வகுத்தால் 35 சொச்சம்: அந்த ஆய்வாளரின் 240 மாணவர்கள் தனித்தனியாகத் தேர்ந்த 35 மாணவர்கள் தரும் செய்தியைத்தான் தருகிறார்கள். திட்டப்பிழை 6.8-இன் வர்க்கமூலமான 2.6 மடங்கு கூடுகிறது; 3.9 என்ற டி-மதிப்பு 1.5 ஆகிறது. எட்டு வகுப்புகள் என்றால், அலகுகளின் எண்ணிக்கையிலிருந்து இரு குழுக்களுக்கு இரண்டைக் கழித்து வரும் வரையற்ற பாகைகள் 238 அல்ல, ஆறுதான். குறிப்பிடத்தக்கது என்று சொல்ல அதற்குத் தேவையான டி-மதிப்பு 0.05 மட்டத்திலேயே ஏறத்தாழ 2.45. தடித்த எழுத்துக்கு இடமில்லை.

மனப்பான்மை, தேர்வுப் பதற்றம் போன்ற உளவியல் அளவுகோல்களில் இந்த ஒட்டுறவு பொதுவாகக் குறைவு. 0.05 என்றாலும் 240 பேர் 98 பேராகச் சுருங்குகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த குறை அன்று. கல்வி ஆய்வில் மாணவரை அல்ல, வகுப்பையோ பள்ளியையோ அலகாகக் கொள்ள வேண்டும் என்று அமெரிக்காவின் கல்விப் புள்ளியியலாளர் லிண்ட்குவிஸ்ட் 1940-லேயே எழுதினார். இங்கிலாந்தில் நெவில் பென்னட் 1976-இல் வெளியிட்ட ஆய்வு, மரபுவழிக் கற்பித்தலில் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறுகிறார்கள் என்று காட்டிப் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகத் திரண்டிருப்பதைக் கணக்கில் எடுத்து புள்ளியியலாளர் மறே ஐட்கினும் உடன் உழைத்தவர்களும் 1981-இல் அதே தரவை மீண்டும் பகுத்தபோது, அந்தக் குறிப்பிடத்தக்க வேறுபாடுகள் நிற்கவில்லை. மறு ஆய்வுக் கட்டுரைகளுள் ஒன்றில் பென்னட்டும் ஓர் ஆசிரியராகப் பெயர் சேர்த்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நம் வாய்மொழித் தேர்வுகளில் அந்தத் துணிவைக் காண்பது அரிது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் சொந்த ஆய்வேட்டில் நான்கு பள்ளிகளின் பிள்ளைகளைத் தனித்தனி ஆட்களாக எண்ணித்தான் பட்டம் வாங்கினேன், கேட்க ஆளில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. 'மாதிரியில் எத்தனை பேர்?' என்பதே ஆய்வைப் பரிசீலிக்கும் குழுவில் எழும் முதல் கேள்வி. கிரெஜ்சி, மார்கன் இருவரும் 1970-இல் வெளியிட்ட மாதிரி அளவு அட்டவணையைப் பார்த்து, முழுமைத்தொகுதி, அதாவது ஆய்வுக்குரிய மொத்தப் பேர், பத்து லட்சம் என்றால் 384 போதும் என்று எழுதிவிட்டால் கேள்வி அடங்கிவிடும். அந்த அட்டவணை, எல்லோரிலிருந்தும் குலுக்கல் போல ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் எளிய சமவாய்ப்பு மாதிரிக்கு உரியது. பள்ளிக்குப் பள்ளி போய் வகுப்பு முழுவதையும் உட்காரவைத்துப் படிவம் நிரப்பியவருக்கு அது பொருந்தாது. எட்டு வகுப்புகளிலும் பிள்ளைகளை இரட்டித்து 480 ஆக்கினாலும் 35 என்பது 37 சொச்சத்துக்குத்தான் நகரும். எத்தனை பேரைச் சேர்த்தாலும் 40-ஐத் தாண்டவே முடியாது. அதே 240 பேரைப் பதினாறு வகுப்புகளிலிருந்து, வகுப்புக்குப் பதினைந்து பேராக எடுத்தால் 63 ஆகிறது. அலைச்சல் கூடும் என்பது உண்மைதான். ஆனால் தாள் செலவு அதேதான்.

தரவு ஏற்கெனவே கையில் இருப்பவர்கள் செய்யக்கூடிய மிக எளிய வழி, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கூட்டுச்சராசரி கண்டு, அந்தச் சராசரிகளைக் கொண்டே டி-சோதனை செய்வது. எட்டே எண்களா என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. சிறு மாதிரிகளுக்காகவே பிறந்த சோதனை அது. டப்ளின் கின்னஸ் மதுவடிப்பாலையில் பணிபுரிந்த காசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908-இல் அதை வெளியிட்டபோது, 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடக்கை நடுவிரல் நீளத்தையும் அட்டைகளில் எழுதி, நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து, 750 மாதிரிகளில் தன் கணக்கைச் சரிபார்த்தார். நான்கு போதுமானதாக இருந்தது. ஆனால் அட்டைகளை அவர் முதலில் கலைத்தார் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அந்தக் கலைத்தலைப் பள்ளிக்கூடம் நமக்குச் செய்து தருவதில்லை. கொஞ்சம் கூடுதலாகக் கற்கத் தயாராக இருப்பவர்கள் மாணவர், வகுப்பு என்ற மட்டங்களை ஒரே கணக்கில் சேர்த்துப் பகுக்கும் பல்மட்ட மாதிரியுருக்களைப் பயன்படுத்தலாம்; 'ஆர்' மென்பொருளில் இலவசமாகவே செய்யலாம், எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருள் வைத்திருப்போருக்கும் அதற்கான பகுதி உண்டு. முன்தேர்வு மதிப்பெண்ணையும் உள்ளே சேர்த்தால் வகுப்புகளுக்கிடையே முன்பே இருந்த ஏற்றத்தாழ்வில் ஒரு பங்கு விலகி, பகுப்பாய்வின் கூர்மை கூடும்.

ஒரே ஒரு நிலைக்கு மட்டும் எந்தக் கணக்கும் உதவாது. ஒரு பள்ளி சோதனைக் குழு, இன்னொரு பள்ளி கட்டுப்பாட்டுக் குழு என்று அமைத்திருந்தால், கண்ட வேறுபாடு கற்பித்தல் முறையால் வந்ததா, பள்ளியால் வந்ததா என்று பிரிக்க வழியே இல்லை. கல்வியியல் ஆய்வேடுகளில் நான் மிகுதியாகக் காணும் வடிவமைப்பும் இதுதான் என்பது வருத்தம் தருகிறது. அப்படிப்பட்டவர்களிடம் இன்னும் சில பள்ளிகளைச் சேர்க்கச் சொல்கிறேன், அல்லது தலைப்பை, காரணம் சொல்லாமல் கண்டதை மட்டும் விவரிக்கும் விளக்கநிலை ஆய்வாக மாற்றச் சொல்கிறேன். சிலர் திரும்பி வருவதில்லை.

மேலே சொன்ன ஆய்வாளர் திரும்பி வந்தார். கலந்துபோன கட்டுகளைப் பிரித்தறிய முடியவில்லை. படிவத்தில் பெயரும் இல்லை, வகுப்பும் இல்லை. நெறியாளரிடம் பேசி, வரும் பருவத்தில் பதினாறு வகுப்புகளில், எந்த வகுப்பு எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, மீண்டும் தொடங்குகிறார். புதிய படிவத்தின் வலது மூலையில் பள்ளி எண்ணுக்கும் வகுப்பு எண்ணுக்கும் இரண்டு கட்டங்கள் அச்சாகியிருக்கின்றன. தேவகோட்டைப் பக்கம் இரண்டு பள்ளிகளின் அனுமதிக் கடிதம் மட்டும் இன்னும் வரவேண்டியிருக்கிறது.