ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்: தமிழில் எப்படிச் சொல்வது?

இ.சி.ஜி. அறிக்கையில் ஏ.எஃப். என்று சுருக்கமாக எழுதிவிடுவார்கள். விரித்தால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். ஏட்ரியம் என்பது இலத்தீனில் ரோமானியர் வீட்டின் கூடம். உடலியலில் இதயத்தின் மேலறை. ஃபிப்ரில்லா என்றால் நுண்ணிழை. தசையிழைகள் ஒன்றுசேர்ந்து சுருங்காமல் ஆளுக்கொரு பக்கம் துள்ளும் நிலைக்கு அந்தப் பெயர். இது மனிதரிடம் பரவலாக உள்ள நோய்தான் என்பதை 1909இல் இ.சி.ஜி. மூலம் காட்டியவர் பிரிட்டிஷ் இதய மருத்துவர் தாமஸ் லூயிஸ்.

தமிழில் இதைப் ‘படபடப்பு’ என்றும் ‘சீரற்ற இதயத்துடிப்பு’ என்றும் எழுதுகிறார்கள். முன்னது நோயாளி உணரும் அறிகுறி. ஒன்றுமே உணராத நோயாளிகளும் உண்டு. பின்னது பல கோளாறுகளுக்குப் பொதுப்பெயர். ‘இதய மேலறை நடுக்கம்’ என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. துடித்தால் இரத்தம் நகரும், நடுங்கினால் தேங்கும். நோயின் ஆபத்தே அந்தத் தேக்கம்தானே. மேலறையில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்தூண்டல்கள் கிளம்புகின்றன. அவற்றில் சிலதான், அதுவும் ஒழுங்கில்லாமல், கீழறைக்கு இறங்குகின்றன. நாடி பிடித்தால் இரண்டு துடிப்பு ஒட்டி வரும், அடுத்தது தாமதிக்கும், இன்னொன்று விரலில் படாமலே போய்விடும்.

இந்த நடுக்கத்துக்கு இரத்தக்கொதிப்பும் ஒரு காரணம். அது நீடித்தால் இடது கீழறை தடித்து விறைக்கும். அதை நிரப்பப் பாடுபடும் மேலறை நாளடைவில் விரிந்து தழும்பேறும். தழும்பேறிய தசையில் மின்னோட்டம் வழிதவறுகிறது.

இலங்கைத் தமிழில் மேலறைக்குச் ‘சோணையறை’ என்று பெயர். காதுச்சோணை என்கிறோமே, அதே சோணை. ஆரிக்கிள் என்ற பழைய பெயருக்கும் ‘சிறு காது’ என்றுதான் பொருள். இடது மேலறையின் ஓரத்தில் காது வடிவில் ஒரு சிறு பை உண்டு. வால்வுக் கோளாறு இல்லாத நோயாளிகளுக்கு இரத்தம் பெரும்பாலும் அதற்குள்தான் உறைகிறது.

அங்கேயே ஒட்டியிருந்தால் அது த்ராம்பஸ், தமிழில் உறைகட்டி. பிய்ந்து ஓடினால் எம்போலஸ். கிரேக்க மூலத்துக்குச் செருகப்படும் பொருள் என்று அர்த்தம். அந்தச் சொல்லை மருத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மன் நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ. ‘அடைகட்டி’ எனலாம். அது மூளைத் தமனியை அடைத்தால் பக்கவாதம். மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்கு இந்த அபாயம் சுமார் 5 மடங்கு; இரத்தக்கொதிப்பும் சேர்ந்தால் இன்னும் கூடும்.

‘இரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரை’ என்ற வழக்கும் பொருத்தமில்லாதது. வார்ஃபரின், அபிக்சபான் போன்றவை இரத்தத்தை நீர்க்கச் செய்வதில்லை, உறைவதைத்தான் தடுக்கின்றன. ‘உறைவெதிர்ப்பி’ என்பதே சரி. ஆஸ்பிரின் இந்த வகையில் சேராது. இந்த நோயில் அவற்றுக்கு மாற்றாகவும் ஆகாது.