முழங்கால் என்ன சவர்க்காரக் கட்டியா?

பென்சன் எடுத்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. முப்பது வருடம் நின்றே பாடம் நடத்திய ரீச்சரும், துறைமுகத்தில் இரவு பகலாக மாறி மாறி வேலை செய்த ஐயாவும் கதிரையைக் கையால் ஊன்றாமல் எழும்ப முடியாமல் என்னிடம் வருகிறார்கள். கையில் எக்ஸ்ரே. கூட வரும் மகள் சொல்வாள்: "அப்பாவை ஒரு வேலையும் செய்ய விடுறேல்ல, முழங்கால் தேஞ்சிடும்." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பாவிக்கப் பாவிக்கக் கரைவதற்கு முழங்கால் என்ன சவர்க்காரக் கட்டியா? மூட்டில் எலும்பு நுனிகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய் கிடையாது. காலில் பாரம் ஏறி இறங்கும்போது, பஞ்சைப் பிழிந்து விட்டதுபோல மூட்டு நீர் உள்ளே போய் வருகிறது. அதுதான் அதற்குச் சாப்பாடு. அசைக்காத மூட்டைப் பட்டினி போடுகிறீர்கள். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரிந்தும் நோவில்லாமல் நடப்பவர்கள் இருக்கிறார்கள், நல்ல படத்தை வைத்துக்கொண்டு நொண்டுபவர்களும் இருக்கிறார்கள். (படத்தைப் பார்க்குமுன் ஆளை எழுந்து நிற்கச் சொல்வது அதனால்தான்.) உண்மையில் கரைவது தொடைத் தசை. நல்ல சுகத்தோடு இருக்கும் முதியவர்கூடப் பத்து நாள் கட்டிலில் கிடந்தால் கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விடும்.

"நான் தினமும் உப்புவெளிக் கடற்கரையில நடக்கிறனே" என்பீர்கள். நடவுங்கள், நிறுத்த வேண்டாம். ஆனால் 65 வயதுக்கு மேல் உலக சுகாதார அமைப்பு கேட்பது வாரத்துக்கு 150 நிமிட நடை மட்டுமல்ல. இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும், மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும் வேண்டும். நடையை மட்டும் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். திருகோணமலைக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுவது தொடைக்கு நல்ல வேலை. இறங்கும்போதுதான் முழங்காலுக்குப் பாரம், அடியைச் சின்னதாக வையுங்கள்.

முதலில் சோதித்துப் பாருங்கள். கைப்பிடியில்லாத, 17 அங்குல உயரக் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் கதிரை வழுக்கும், வேண்டாம். கைகளை நெஞ்சில் குறுக்காக வைத்து 30 செக்கனில் எத்தனை தரம் முழுதாக எழும்புகிறீர்கள்? 65–69 வயதில் ஆணுக்கு 12க்கும் பெண்ணுக்கு 11க்கும் குறைந்தால் கால் பலம் காணாது.

பயிற்சியும் அதே கதிரைதான். பாதத்தை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரே வரும்வரை குனிந்து எழும்புங்கள். இருக்கும்போது மூன்று எண்ணுங்கள், தொப்பென்று விழக்கூடாது. முழங்கால் உள்ளே சரியக்கூடாது. மூச்சை அடக்கினால் பிரஷர் ஏறும், வாய்விட்டு எண்ணினால் அந்தப் பிரச்சினையே இல்லை. 8 தரம், இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மெல்ல 12 தரமாகக் கூட்டுங்கள், அதுவும் லேசானால் இரண்டு கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொள்ளுங்கள். பிறகு குசினி மேசையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்துச் செக்கன். செய்யும்போது கொஞ்சம் நோகலாம். மறுநாள் வீங்கினால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்த வேண்டாம். நெஞ்சு நோவோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சம்பலும் புட்டும் தசையாகாது. 60 கிலோ ஆளுக்கு நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். 100 கிராம் மீனில் 20 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். காலையிலும் ஒரு முட்டையோ அவித்த கடலையோ சேருங்கள். சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் கூட்டக்கூடாது.

பிரஷர் குளிசை எடுப்பவர்கள் கட்டிலிலிருந்து நேரே எழும்பி நடக்காதீர்கள், ஒரு நிமிடம் விளிம்பில் இருங்கள். இன்சுலின் போடுபவர்கள் நடக்கப் போகையில் சட்டைப்பையில் இனிப்பு வைத்திருங்கள்.

சீனி வருத்தத்தால் கால் விறைத்தவர்களுக்கு ஒரு மன்றாட்டம். மத்தியான வெயிலில் கோயில் கல்லில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சுடுவதே தெரியாது, கொப்பளம்தான் தெரியும். காலை ஏழுக்கு முன் போங்கள், வீட்டுக்கு வந்ததும் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்து இரண்டு உள்ளங்காலையும் பாருங்கள்.